லீவு நாளை நஷ்டக் கணக்குல எழுதலாமா?

ஒரு லீவு நாளோட விலை என்ன? 2025 ஜூலையில் பிரான்ஸ் நாட்டுல இந்தக் கேள்வி பெரிய சண்டையாகிப் போச்சு. அப்போதைய பிரதமர் பிரான்சுவா பாய்ரூ, பட்ஜெட் பள்ளத்தை அடைக்க, நாட்டின் 11 பொது விடுமுறைகளில் ரெண்டை எடுத்துடலாம் என்றார். ஈஸ்டர் திங்கள் ஒன்று. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த மே 8 இன்னொன்று. எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று அவர் போனார். அடுத்து வந்தவர் இந்த யோசனையைக் கைவிட்டார்.

'உழைக்க வலிக்குது போல' என்று நகரத்து நண்பர்கள் சிரிக்கலாம். நான் மாடு வச்சிருக்கிற சம்சாரி. மாட்டு மடிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. லீவே இல்லாத தொழில்ல இருந்துக்கிட்டுச் சொல்றேன், அந்த மக்கள் கேட்டது நியாயம்தான்.

அவங்க வருஷத்தைக் கொஞ்சம் பாருங்க. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, பாதாம் விழுது வச்ச அப்பம். உள்ளே ஒரு சின்ன பொம்மை ஒளிஞ்சிருக்கும். அந்தக் காலத்தில் அது அவரை விதை. யார் துண்டில் அது வருதோ, அவருக்குக் காகிதக் கிரீடம். பிப்ரவரி 2-ல் தோசை மாதிரி கிரேப் சுட்டு, கையில் காசை வச்சுக்கிட்டே தூக்கிப்போட்டுத் திருப்புவாங்க. இந்த ரெண்டுக்கும் அரசு லீவு கிடையாது. ஆனாலும் விடாம நடக்குது.

மே 1 தொழிலாளர் தினத்தில் மணி மணியாப் பூக்கிற ம்யூகே என்ற வெள்ளைப் பூங்கொத்தை ஒருத்தருக்கொருத்தர் கொடுப்பாங்க. நவம்பர் 1 புனிதர் எல்லோருக்குமான நாள். அதையொட்டிக் கல்லறையெல்லாம் செவ்வந்தி. நமக்கு ஆயுத பூஜைன்னா செவ்வந்தி விலை ஏறும். அங்கே அது செத்தவங்களுக்கான பூ, விருந்துக்குப் போற வீட்டுக்கு அதை எடுத்துட்டுப் போகக் கூடாது. இந்தப் பூ விவசாயிகளோட வருமானத்தை எந்த நஷ்டக் கணக்குல எழுதுவீங்க?

மேலேயிருந்து நாட்காட்டியைத் திருத்துறதுல அவங்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. புரட்சிக்குப் பிறகு, 1793-ல் புதுக் காலண்டர் போட்டாங்க. புனிதர்கள் பெயருக்குப் பதிலா பயிர், கால்நடை, கருவி. வருஷத்தின் முதல் நாள் திராட்சைக்கு, ஐந்தாம் நாள் குதிரைக்கு. அடுத்த மாதத்தின் பத்தாம் நாள் ஏருக்கு! ஒரு சம்சாரிக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா ஏழு நாள் வாரம் பத்து நாளாச்சு. ஏருக்கு ஒரு நாள் கொடுத்துட்டு, ஏர் பிடிக்கிறவன் ஓய்வைப் பிடுங்கினா எப்படி? 1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் பழைய காலண்டரையே கொண்டுவந்தார்.

நல்ல காரணத்துக்கு லீவை விட்டுக்கொடுக்கக் கூடாதான்னு கேட்கலாம். 2003 கோடை வெயிலில் அங்கே சுமார் 15,000 பேர், பெரும்பாலும் வயசானவங்க, இறந்தாங்க. அடுத்த வருஷம், பெந்தகோஸ்து திங்களன்று கூடுதல் சம்பளம் இல்லாம வேலை, அதுக்கான நிதி முதியோருக்குன்னு சட்டம் வந்தது. நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அதுக்கே முணுமுணுப்பு. 2008-ல் எந்த நாள் என்பதை நிறுவனங்களே முடிவு செய்யட்டும்னு விட்டுட்டாங்க.

எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கிற ஓய்வுதான் சொந்தபந்தத்தை ஒரு வீட்டுல சேர்க்குது. தனித்தனியா எடுக்கிற லீவுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறவன், இதுல எனக்கு என்ன லாபம்னு கேட்கிறதில்லை. அரசாங்கமும் அப்படித்தான் இருக்கணும்.