‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கணனி கேட்டால்...

இம்மாதம் ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுவோம். பழைய கணனி வைத்திருக்கும் வீடுகளில் என்றாவது ஒருநாள் அந்தக் கேள்வி திரையில் வந்து நிற்கும். அப்போது அவசரத்தில் ‘ஆம்’ என்று அமத்திவிடாதீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வஹகோட்டையில் அந்தோனியார் திருவிழா முடிந்த வாரம் அது. பக்கத்து வீட்டு அக்கா அவசரமாக வந்தார். எங்கள் பகுதிப் பெண்கள் பதினெட்டுப் பேரின் சேமிப்புக் கணக்கை எழுதிவருபவர் அவர்தான்.

“தங்கச்சி, டீ டிரைவ் தொறக்குதில்ல. ஃபோர்மட் பண்ணவானு கேக்குது. ஆமானு அமத்தவா?”

“ஒண்ணையும் அமத்தாதீங்க அக்கா, நான் வாறேன்” என்று கூடவே ஓடினேன்.

அந்த டீ டிரைவில் ஒன்பது வருடக் கணக்கு இருந்தது. கையால் எழுதிய பழைய புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. கணவனை இழந்த ஒரு சகோதரி நாற்பதாயிரம் ரூபாய் கடனைச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்திருந்தார். அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கணனிதான். அக்காவின் முகம் ஏன் அப்படி வெளிறியிருந்தது என்பது உங்களுக்கு விளங்கும்.

நடந்ததை விசாரித்தேன். கணனி மெதுவாக ஓடுகிறது என்று, விடுமுறைக்கு வந்த அக்காவின் தங்கை மகன் விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டிருக்கிறான். அலுமாரியில் கிடந்த பழைய சீடியைத்தான் பாவித்திருக்கிறான். சீ டிரைவ் நன்றாக வேலை செய்தது. டீ டிரைவ் மட்டும் திறக்கவில்லை.

ஹாட் டிஸ்க்கை ஒரு பெரிய அலுமாரி என்று வையுங்கள். பார்ட்டிஷன் என்பது அதன் தட்டுகள். எந்தத் தட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது என்று கதவில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். பழைய கணனிகளில் அந்தச் சீட்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கிறது. அதில் தட்டுகளின் விபரத்துக்கு வெறும் 64 பைட்தான். சீட்டுக் கிழிந்தாலோ, அதை வாசிப்பவருக்குக் கண் தெரியாவிட்டாலோ தட்டிலுள்ள சேலைகள் மறைந்துவிடுமா? இல்லையே! ஆனால் ‘ஃபோர்மட்’ என்பது தட்டைக் காலி என்று பதிந்துவிட்டு, புதிதாக அடுக்கத் தொடங்குவது.

அக்காவின் டிஸ்க்கைக் கழற்றி மேலே ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். 160 ஜிகாபைட் என்றிருந்தது. கடைக்காரர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. அதனால் திரையில் 149 காட்ட வேண்டும். ஆனால் 128-க்குக் கிட்டத்தான் காட்டியது. கோளாறு அப்போதே பிடிபட்டது.

பழைய முறையில் கணனி டிஸ்க்கின் இடங்களுக்கு 28 இலக்க இரும எண்ணால் விலாசம் போடும். அந்த எண்ணிக்கை 137 ஜிகாபைட்டோடு முடிந்துவிடும் (விண்டோஸ் கணக்கில் 128). அதற்கு அப்பால் பார்க்க 48 இலக்க விலாசம் வேண்டும். 2002-இல் வந்த முதலாவது சேர்விஸ் பேக்கோடுதான் எக்ஸ்பிக்கு அந்தப் பார்வை ஒழுங்காகக் கிடைத்தது. தங்கை மகன் போட்டது அதற்கு முந்திய சீடி. டீ டிரைவின் கடைசிப் பகுதி எல்லைக்கு வெளியே இருந்ததால், முழுவதையும் காணமுடியாத விண்டோஸ் அதை வெறும் தட்டு என்று நினைத்துவிட்டது. இந்த நிலையில் எல்லை தாண்டி எதையாவது எழுதினால் அது டிஸ்க்கின் தொடக்கத்திலேயே போய் விழுந்து, உள்ளதையும் கெடுக்கலாம்.

டிஸ்க்கை யூஎஸ்பி அடப்டர் ஒன்றில் மாட்டி எங்கள் வீட்டுப் புதிய கணனியோடு இணைத்தேன். டீ டிரைவ் உடனே திறந்தது. ஒன்பது வருடக் கணக்கும் அப்படியே இருந்தது. அந்தச் சகோதரியின் கடைசித் தவணையைக் கண்டதும் அக்கா கதிரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால்:

1. ‘வேண்டாம்’ என்று அமத்திவிட்டுக் கணனியை நிறுத்துங்கள். டிஸ்க்கைத் திருத்துகிறேன் என்று ‘செக் டிஸ்க்’ ஓடவும் விடாதீர்கள்.

2. டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணனி ஒன்றில் இணைத்துப் பாருங்கள். பழைய பெரிய டிஸ்க்குக்குத் தனி மின் இணைப்பு உள்ள அடப்டர் தேவை. திறந்தால் முதல் வேலை பிரதி எடுப்பது. திருத்தம் பிறகு.

3. அங்கும் திறக்காவிட்டால் சீட்டு உண்மையாகவே கிழிந்திருக்கலாம். ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் காணாமற்போன பார்ட்டிஷனைத் தேடித் தரும். கோப்புகள் திரையில் தெரிகின்றனவா என்று பார்த்து, அவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி செய்யுங்கள். அதுவரை ‘எழுது’ என்பதைத் தொடவேண்டாம்.

4. டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் எதையும் முயலாமல் நிறுத்திவிடுங்கள். அது சீட்டின் கோளாறல்ல, அலுமாரியே உடைகிறது.

5. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது. அந்தக் கணனியைக் கணக்கெழுத மட்டும் வையுங்கள், இணையத்தில் இணைக்காதீர்கள்.

இப்போது அக்கா மாதக் கூட்டம் முடிந்ததும் கணக்கை இரண்டு பென் டிரைவில் பதிகிறார். ஒன்று அவரிடம், மற்றது பொருளாளரிடம். ஒரு தாள் அச்செடுத்து எல்லோரிடமும் கையொப்பமும் வாங்குகிறார். தங்கை மகனை யாரும் ஏசவில்லை. பிரதி எடுக்கும் வேலையை அவனிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்!

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் ஒரே இடத்தில்தானே கிடக்கின்றன? இந்த இதழை மூடிவைத்த கையோடு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.