நான்கும் சேர்ந்தன, தமிழ் சேரவில்லை!



1978ஆம் ஆண்டு கிண்டிப் பொறியியற் கல்லூரி, அழகப்பர் தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டைத் தொழில்நுட்பப் பயிலகம், கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் ஒன்றிணைந்து, பேரறிஞர் அண்ணா பெயரால் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய பழமையும், 1944இல் வள்ளல் அழகப்பர் ஈந்த கொடையும் அதிற் கலந்தன. கட்டடங்கள் கலந்தன; கருவிகள் கலந்தன; பட்டங்கள் கலந்தன. தமிழ் மட்டும் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது!

இதனால் ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு என்ன கேடு என்பீரோ? அந்த அழகப்பர் கல்லூரியிலேதான் தோல் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாக உள்ளது. அதன் அண்டையிலேயே 1948இல் நிறுவப்பெற்ற நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம் பாட்டன்மார் தோல் பதனிட்ட தொழிலை, அங்கே ஆங்கிலத்தில் கற்பிக்கின்றனர்!

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் தோல்தொட்டி ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறான். ஒருநாள் பீப்பாயில் ஒட்டியிருந்த தாளைக் கொணர்ந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றான். தோலின் மயிர் களையப் பயன்படும் கந்தக உப்பு அது. அமிலத்தோடு கூடினால் உயிர்குடிக்கும் நச்சுவளி எழும் என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. மூன்றாண்டாக அதனை அள்ளிக்கொட்டியவன் அவன்! படித்துச் சொன்னேன், அவன் முகம் வெளிறியது, என் தலை கவிழ்ந்தது. மொழி உரிமை என்பது மேடைப்பேச்சன்று, தோழர்களே! அது உயிர்க்காப்பு!

2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் அப்பல்கலைக்கழகம் தமிழில் தொடங்கியது. 2023 மேத் திங்களில், மாணவர் குறைவு என்று காட்டி, உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழவே அறிவிப்பு மீளப்பெறப்பட்டது. மாணவர் எவ்வாறு வருவர்? தமிழில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கிய சட்டம் 2010இலேயே வந்தது, மெய்தான். ஆனால் தனியார் ஆலைவாயிலில் ஆங்கிலமே வினவப்படுகிறது. நல்ல நூலும் நம்பத்தக்க பணியும் தாராமல், "சேர ஆளில்லை" என்பது, நீர் பாய்ச்சாதவன் "நாற்று வாடிற்று" என்று பழிப்பதை ஒக்கும்!

ஆளுவோரே! தோல் தொழில்நுட்பத்தைத் தமிழிலும் கற்பியுங்கள். நச்சுப்பொருள் எதன்மேலும் தமிழ் எச்சரிக்கையைக் கட்டாயமாக்குங்கள். கலைச்சொல் ஆக்கித்தரத் தமிழாசிரியர் நாங்கள் இருக்கிறோம்.

அண்ணாவின் பெயரை வாயிலில் எழுதினீர்கள். அவர்தம் மொழியை வகுப்பறைக்குள் விடுங்கள்!