கெடுத்தவரே காட்டும் சாக்கு

எண்ணூரில் மின்வாரியத்தின் 660 மெகாவாட் அனல்மின் விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இத்தகைய திட்டங்களுக்கு வக்காலத்து வாங்குவோர் சொல்வது இதுதான்: மீஞ்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை ஏற்கெனவே தொழிற்பேட்டை, கெட்டுப்போன இடத்தில் காப்பாற்ற என்ன உயிரினம் இருக்கிறது?

கெட்டது தானாகவா? அத்திப்பட்டில் அதே வாரியத்தின் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் ஓடுகிறது. அதன் சாம்பல் குழாய்கள் உடைந்து உடைந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் மேடு தட்டியது. மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் மின்வாரியத்தையே பொறுப்பாக்கியது. இனி, ‘பாழ்பட்ட இடம்’ என்பது வாதமல்ல, ஒப்புதல் வாக்குமூலம். விளைந்த வயலில் மாட்டை விட்டு மேய்த்தவன், “பயிர்தான் போய்விட்டதே, இதில் எனக்கொரு தொழுவம் கட்டிக்கொடுங்கள்” என்று கேட்டால் ஊர் சிரிக்கும். இங்கே கோப்பு நகர்கிறது.

உயிரினம் இல்லையாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. இறகெல்லாம் எண்ணெய் ஊறிய கூழைக்கடாக்களைப் பிடித்துக் காப்பாற்ற வனத்துறை இறங்கியது. இல்லாத பறவைக்கா இந்தப் பாடு?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் இல்லை என்பீர்கள். எப்போது போய்ப் பார்த்தீர்கள்? எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரிக்கு வலசைப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகின்றன. கோடையில் பெரும்பாலானவை போய்விடுகின்றன. சித்திரை வெயிலில் எண்ணினால் எது மிஞ்சும்? பங்குனி ஆமை இரவில் கரையேறி முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பகலில் குறிப்பேட்டோடு நடப்பவர் கண்ணில் அது படாது. பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980இலேயே சரணாலயம் ஆனது. அது காலி நிலமென்றா அறிவித்தார்கள்?

கணக்கிலும் தந்திரம் உண்டு. வடசென்னையின் மூன்று கட்டங்கள் 630, 1200, 800 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூர் 1500. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிக்கை. தனித்தனியாகப் பார்த்தால் தாக்கம் சிறிதாகத் தெரியும். இறாலும் நண்டும் பூநாரையும் வாழ்வதோ இத்தனையும் சேர்ந்த ஒரே தண்ணீரில். அந்த அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவரும் திட்டக்காரரே.

மின்சாரம் வேண்டாமா என்பது கடைசி அஸ்திரம். வேண்டும். அதற்காகப் பொய்க் கணக்கும் வேண்டுமா? ஓராண்டு முழுக்க, எல்லாப் பருவத்திலும், அங்குள்ள எல்லா ஆலைகளையும் துறைமுகங்களையும் சேர்த்து, திட்டக்காரரிடம் கூலி வாங்காத குழுவைக் கொண்டு ஆய்வு நடத்துங்கள். கழியின் ஆழத்தை நாள்தோறும் வலையால் அளக்கும் மீனவர்களையும் அதில் சேருங்கள். தாக்கம் சிறிதுதான் என்று நீங்கள் நம்பினால், அந்த ஆய்வுக்கு அஞ்ச உங்களுக்குக் காரணமில்லை. அதுவரை உங்கள் கையில் இருப்பது மதிப்பீடல்ல, அனுமதிச் சீட்டு.