பெயருள்ள காய்கள்

சதுரங்கப் பலகையில் நிற்கும் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. எட்டுச் சிப்பாய்களில் எதை இழந்தோம் என்று ஆட்டம் முடிந்த பின் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசனைக் காக்க யானையைக் கொடுப்பதும், குதிரையைக் கொடுத்து ராணியைப் பிடிப்பதும் அவ்வாட்டத்தின் அழகு. இழப்பை வெறும் கணக்காகப் பார்க்கத் தெரிந்தவனே அதில் வல்லவன். போரைப் பலகையின் மேல் ஆடிப் பழகிய மனிதர் நெடுங்காலமாக இவ்வாறே ஆடி வந்துள்ளனர்.

அன்புக்குரிய வாசகர்களே, இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் வீடியோ விளையாட்டு. பெற்றோர் நம்மிடம் வந்து, "சுவாமி, பையன் எந்நேரமும் அந்தத் திரையின் முன் போர் செய்துகொண்டிருக்கிறான், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முறையிடுவது வழக்கமாகிவிட்டது. எத்தனை மணி நேரம் ஆடலாம், கண் கெடுமா, படிப்புக் கெடுமா என்பன பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் பேச விரும்புவது வேறு. அவ்விளையாட்டுகளை அமைத்தவர்கள் அவற்றினுள் வரும் மனிதர்களை ஒருவரோடொருவர் எப்படிப் பிணைத்தார்கள்? அப்பிணைப்புக்கு என்ன விதி வகுத்தார்கள்? விதி சிறிது மாறினால் ஆடுகிறவனுடைய உள்ளமும் மாறுவதை நாம் இளைஞர் சிலரின் அருகே அமர்ந்து கண்டோம். தொடர்புள்ளவற்றைத் தேடிப் படித்தும் அறிந்தோம். போர்த்தந்திர விளையாட்டும் கதாபாத்திர விளையாட்டும் ஒன்றாய்க் கலந்த ஜப்பானியத் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். அதன் பெயர் 'ஃபயர் எம்பிளம்'.

இத்தொடரின் முதல் விளையாட்டு 1990-ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனத்தின் சிறு பொறிக்காக வெளிவந்தது. ஆக்கியது இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம். வடிவமைத்தவர் ஷோசோ காகா என்பவர். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட களம், முறை வைத்து நகரும் படைகள் என்ற அளவில் அது சதுரங்கத்தின் பேரன்தான். ஆனால் காகா இரண்டு காரியங்களைச் செய்தார். ஒன்று, ஒவ்வொரு காய்க்கும் பெயரும் முகமும் கொடுத்தார். குதிரைவீரன், வில்லாளி, மருத்துவம் அறிந்த துறவி என்று ஐம்பது பேருக்குக் குறையாமல் அக்கதையில் வருகின்றனர். மற்றொன்று, களத்தில் வீழ்ந்தவர் வீழ்ந்தவரே என்று விதித்தார். அடுத்த களத்தில் அவர் இல்லை. கதை முடியும் வரையிலும் இல்லை. கதையின் கடைசிப் பகுதியில் ஒரு மந்திரக்கோல் கிடைக்கும். அது ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு எழுப்பும். இறந்தோர் பலராயின் யாரை அழைப்பது என்பதை ஆடுகிறவனே தீர்மானிக்க வேண்டும்.

இவ்விரண்டு விதிகளும் சேர்ந்தபோது நடந்தது விந்தையானது. ஆடுகிறவர்கள் ஒருவரை இழந்ததும் பொறியை அணைத்துவிட்டு அக்களத்தை முதலிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். வெற்றி ஏறக்குறையக் கைக்கு வந்துவிட்ட நிலையிலும் அப்படிச் செய்தார்கள்; இன்றும் செய்கிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் முக்கால் மணி நேரம் ஆடி முடித்த களத்தைக் கண்ணெதிரே கைவிட்டதைக் கண்டு, "ஜெயித்துக்கொண்டுதானே இருந்தாய் தம்பி?" என்று வினவினோம். "ஜெயிக்கலாம் சுவாமி, ஆனால் அந்தப் பெண் செத்துவிட்டாளே" என்றார். சதுரங்கம் ஆடுகிறவன் எவனும் சிப்பாய்க்காக ஆட்டத்தைக் கலைப்பதில்லை. எண்களால் ஆன ஒரு பொம்மைக்குப் பெயர் வைத்து, அதன் சாவைத் திரும்பப் பெற முடியாததாக்கியதும், வெற்றி என்னும் சொல்லின் பொருளே மாறிவிட்டது.

மரணத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட வேறொரு விளையாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி' ஏழாம் பாகத்தில் ஏரித் என்னும் இளம்பெண் கதையின் நடுவே கொல்லப்படுகிறாள். அதுவரை அவளை வளர்த்து, படைக்கலம் பூட்டி, உடன் அழைத்துச் சென்ற இளைஞர்கள் அவளை எழுப்ப ஏதேனும் இரகசிய வழி இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் தேடினர். வழி வைக்கப்படவில்லை. திரைப்படங்களில் வருவது போன்ற அலங்காரமான தியாகமாக அச்சாவு இருக்கக் கூடாது, உண்மை வாழ்வில் நேர்வது போல் திடீரென்றே இருக்க வேண்டும் என்பதே அமைத்தவர்களின் எண்ணம். மரித்தவர் இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று விடுவதற்கும் துணிவு வேண்டும்.

இனி நம் தொடருக்குத் திரும்புவோம். 1996-இல் வந்த பாகத்தின் பெயரைத் தமிழில் 'புனிதப் போரின் வமிசாவளி' எனலாம். இதில் காகா போர்க்களத்தினுள் திருமணத்தைக் கொண்டுவந்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முறைதோறும் அடுத்தடுத்த கட்டங்களில் நின்றால், அல்லது குறித்த இடங்களில் உரையாடினால், அவர்களிடையே அன்புப் புள்ளிகள் சேரும். 500 புள்ளிகள் ஆனதும் அவர்கள் காதலர். கதையின் பாதியில் பேரிடி விழுகிறது. நாயகன் சிகுர்டும் அவன் தோழர்களும் வெற்றி விழாவுக்கென வரவழைக்கப்பட்டு, துரோகத்தால் தீக்கிரையாகின்றனர். அவன் மனைவியோ, நினைவு பறிக்கப்பட்டு, அத்துரோகத்தைச் செய்தவனுக்கே மனைவியாக்கப்பட்டிருக்கிறாள். பிறகு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிடுகிறது. மறு பாதியில் போரைத் தொடர்வோர் முதற்பாதியில் மணந்தவர்களின் பிள்ளைகள். தாய் தந்தையரின் திறமைகளும், குலத்துக்கு உரிய படைக்கலங்களும் அவர்களுக்கு வந்து சேர்கின்றன. மணம் செய்விக்கப்படாத பெண்ணின் பிள்ளைகள் வர வேண்டிய இடத்தில் வேறு எளிய வீரர்கள் வருகின்றனர்.

பெற்றோர் உழைத்ததைப் பிள்ளைகள் முடிக்கிறார்கள் என்பது எவ்வளவு உயர்ந்த கருத்து! ஆயினும் விதிகள் கருத்தை மட்டும் பார்ப்பதில்லையே. எந்தத் தந்தையை எந்தத் தாயோடு சேர்த்தால் வலிமை மிக்க பிள்ளை பிறக்கும் என்று கணக்கிடும் அட்டவணைகள் விரைவில் தோன்றின. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் இருவருடைய மனப்பொருத்தத்தை நோக்குவதில்லை. குருதியையும் திறமையையும் கூட்டிக் கழித்துப் பார்க்கின்றனர். இதைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. சவரனும் நிலமும் உத்தியோகமும் எழுதிய தாள்களை நம் பங்கு அலுவலகத்துக்கே கொண்டுவந்து, "இந்த இடம் நல்ல இடமா சுவாமி?" என்று கேட்போரை நாம் அறிவோம். விளையாட்டில் கணக்குப் பார்க்கும் பையனைக் கண்டிப்பதற்கு அத்தகைய வீடுகளுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதை அவ்வீட்டாரே எண்ணிக்கொள்ளட்டும்.

2002-இல் வந்த பாகத்தில் இப்பிணைப்பு மேலும் பண்பட்டது. அருகருகே நின்று போரிட்ட இருவருக்கு இடையே சி, பி, ஏ என மூன்று படிகளில் உரையாடல்கள் அமைந்தன. முதற்படியில் முகமன்; இரண்டாவதில் சிறு மனத்தாங்கலோ கேலியோ; மூன்றாவதில் ஒருவர் மற்றவரிடம் மனந்திறப்பு. அந்த அளவுக்கு நெருங்கியவர்கள் அருகில் நிற்கும்போது குறி தவறாமல் தாக்குவர், அடிக்கும் எளிதில் அகப்படார். இவ்வமைப்பில் நம்மை மிகவும் கவர்ந்தது ஒரு கட்டுப்பாடு. ஒரு முறை கதையை ஆடி முடிப்பதற்குள் ஒருவருக்கு ஐந்து உரையாடல்கள் மட்டுமே வாய்க்கும். எல்லாரோடும் நெருங்கிவிட முடியாது. யாரோ ஒருவரோடுதான் இறுதிவரை செல்ல இயலும். மற்றவர்களுடைய உள்ளம் மூடியபடியே இருந்துவிடும். ஆயிரம் பேரை நண்பர் என்று பட்டியலிட்டு வைக்கும் இக்காலத்தில் இப்படி ஒரு விதியை வைத்தவர்கள் மனித உள்ளத்தின் அளவை அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, 2003-இல், அதன் முன்கதை வந்தது. இத்தொடரில் ஜப்பானுக்கு வெளியே வெளியிடப்பட்ட முதல் பாகம் இதுவே. எலிவுட், ஹெக்டர் என்னும் இளம் நண்பர் இருவரும் இதில் நாயகர்கள். முந்திய பாகத்தை ஆடியிருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே எலிவுட்டின் மகனே நாயகன், நடுவயதை எட்டிய ஹெக்டர் கதையின் தொடக்கத்திலேயே போரில் காயமுற்று, நண்பனுடைய மகனின் கண் முன்னே மாண்டுபோகிறார். அதை அறிந்துகொண்டே இளமை ததும்பும் ஹெக்டரைக் களந்தோறும் காப்பாற்றி நடத்திச் செல்ல வேண்டும். வெளிநாட்டுச் சிறுவர்களோ அதை அறியாமலே மகிழ்ந்து ஆடினர்.

பிறகு வணிகத்தின் நெருக்கடி வந்தது. தொடரின் விற்பனை குறைந்துகொண்டே போயிற்று. 2012-இல் வந்த பாகம் 2,50,000 பிரதிகளுக்குக் கீழே விற்றால் தொடரே நிறுத்தப்படும் என்று எச்சரிக்கப்பட்டதாக அதன் தயாரிப்பாளர்களே பின்னர் தெரிவித்தனர். வீழ்ந்தவர் அடுத்த களத்தில் திரும்பி வரும் எளிய முறை 2010-இலேயே ஜப்பானில் சேர்க்கப்பட்டிருந்தது. 2012-ஆம் ஆண்டுப் பாகத்தின் வழியாக அது உலகெங்கும் சென்றது. திருமணமும், எதிர்காலத்திலிருந்து பெற்றோரைத் தேடி வரும் பிள்ளைகளும் மீண்டும் இடம்பெற்றனர். விற்பனை பெருகியது, தொடர் பிழைத்தது. 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வீழ்ந்தவர் அடுத்த முறையிலேயே எழுந்துவிடும் 'பீனிக்ஸ்' முறையையும் வைத்தனர்.

பழைய ஆட்டக்காரர்கள் இதைக் குறை கூறினர். நாம் முழுவதும் அவர்கள் பக்கம் இல்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆட அமரும் குடும்பத் தலைவர் ஒருவர், ஒரு தவறான நகர்வுக்காக அத்தனையையும் மீண்டும் ஆட இயலாது. அவருக்கு எளிய முறை ஓர் உதவியே. ஆனால் அடுத்த முறையே எழுந்துவிடுகிறவருக்காக யார் கவலைப்படப் போகிறார்கள்? அங்கே பெயரும் முகமும் இருந்தும் காய் மீண்டும் சிப்பாய் ஆகிவிடுகிறது. உரையாடல்கள் அப்படியே இருக்கின்றன, எழுத்தும் குறையவில்லை. அவற்றின் பின்னால் நின்ற அச்சம் மட்டும் அகன்றுவிட்டது.

2019-இல் வந்த பாகம் நம்மைப் போன்றவர்களுக்குத் தனிச் சுவை உடையது. கதை நிகழுமிடம் ஒரு பெரிய மடாலயம். அங்கே ஒரு பேராயர், பாடகர் குழு, மூன்று இல்லங்களாகப் பிரிந்த மாணவர்கள். தன் பழைய வரலாற்றை மறைத்து வைத்த திருச்சபையாக அது காட்டப்படுவதைக் கண்டு முகம் சுளித்த அன்பர் ஒருவரிடம், கற்பனைக் கண்டத்துக் கற்பனைச் சமயத்துக்காக நாம் வழக்காட வேண்டியதில்லை என்று கூறி அனுப்பினோம். ஆடுகிறவர் அம்மாணவர்களுக்கு ஆசிரியர். களத்துக்கு வெளியே அவர்களோடு உணவு உண்ணலாம், பாடல் பயிலலாம், தேநீருக்கு அழைக்கலாம். பூங்கொத்து கொடுத்தாலும் அன்புப் புள்ளி ஏறுகிறது. இது நமக்கு உவப்பானதன்று. பொருள் கொடுத்து நெஞ்சை வாங்கும் பழக்கத்துக்கு வேறு ஆசிரியர் தேவையில்லை. ஆனால் அதே விளையாட்டில் மற்றொன்றும் உண்டு. மடாலயத்தில் அங்கங்கே தவறவிட்ட பொருள்கள் கிடக்கும். அவற்றை உரியவரிடம் சேர்க்க வேண்டும். பொருளின் மேல் பெயர் எழுதியிருக்காது. யார் எதை விரும்புகிறவர், யார் எந்த நிலையிலிருந்து வந்தவர் என்று அவர்கள் பேச்சைக் கேட்டு அறிந்திருந்தால்தான் சரியான கையில் சேர்க்க முடியும். தேநீர் மேசையிலும் அவரவர் விருப்பம் அறிந்து பேச்செடுக்க வேண்டும். பொருந்தாத பேச்சால் முகம் வாடும். பூங்கொத்து எவருக்கும் கொடுக்கலாம். இதற்கோ காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

பிற இல்லத்து மாணவரையும் தம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள ஆசிரியருக்கு வழி உண்டு. அம்மாணவர் மதிக்கும் கலையில் ஆசிரியர் தாமே தேர்ச்சி பெற வேண்டும். அல்லது அவரோடு நட்பை வளர்க்க வேண்டும். இதற்கெல்லாம் காலம் செலவாகும், எல்லாருக்கும் நேரம் போதாது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் போர் தொடரும்போது, சேர்த்துக்கொள்ளப்படாதவர்களிற் பலர் எதிரணியில் நிற்கிறார்கள்.

கிராண்டர் என்றொரு வெளி அக்கதையில் வருகிறது. முதற்பாதியில் மூன்று இல்லங்களும் அங்கே பள்ளிப் போட்டி நடத்துகின்றன. பின்னர், கதையின் நான்கு வழிகளில் இரண்டில், அதே வெளியில் அதே மாணவர்கள் மூன்று படைகளாய் மோதுகிறார்கள். நடுவே ஒரு குன்று. அதன் மேல் வில்லேந்தி நிற்பவள் பெர்னடெட்டா, மடாலயத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர அஞ்சிய கூச்சம் மிக்க பெண். அவளுடைய தரப்பினரே அவள் நிற்கும்போதே அக்குன்றுக்குத் தீ வைத்துவிடுகின்றனர். முதற்பாதியில் அக்கதவைத் தட்டி, பொறுமையாகப் பேசி, அவளைத் தம் வகுப்பில் சேர்த்துக்கொண்டவர்களின் ஆட்டத்தில் அவள் அங்கே இல்லை. தீ அப்போதும் வைக்கப்படுகிறது. குன்றின் மேல் பெயரில்லாத ஒரு வீரன் நிற்கிறான்.