வண்ணம் தீட்டும் முன் நீரின் வழியை வரையுங்கள்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத் தலைவர் அவர்களுக்கு,

2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை, 2022 அறிவிப்பின்படி 5,904 ஆக விரிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்கள் ஏராளம். அங்கே குடியிருப்பு எது, தொழிற்சாலை எது என்று வகுக்கும் முன், தண்ணீர் போகும் வழியை வரையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் இறங்கும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைச் சேரும். சதுப்பின் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். எஞ்சியது 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அங்கே வந்துசேரும் வாய்க்கால்களுக்கு யார் காவல்? 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதை மறக்க முடியுமா?

கிராம 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு, ஓடை புறம்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சர்வே எண் உண்டு. நிலப் பயன்பாட்டு வரைபடத்தின் பெரிய வண்ணத் திட்டுகளில் அந்த மெல்லிய கோடுகள் கரைந்துபோகின்றன. கோடையில் வறண்டு கிடக்கும் கால்வாய், வாங்க வருபவர் கண்ணுக்கு வெற்று மனைதான்.

நில வகைப்பாட்டை மாற்றக் கோரும் அறிவிப்பு நாளிதழில் சிறு கட்டமாக வருகிறது: கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு. அது தன் தெருவைப் பற்றியது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே புரிவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றுக்கும் அனுமதி தந்த பிறகு பெய்யும் மழையில்தான் உண்மை தெரிகிறது.

வீடுகள் பெருகத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. 2019 கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. இரண்டாம் கட்ட மெட்ரோ ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு வருகிறது. அதன் நிலையங்களைச் சுற்றி, நடந்துபோகும் தூரத்தில், வீடும் கடையும் அலுவலகமும் கலந்து உயரட்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் அங்கே கட்டாயப் பங்கு இருக்கட்டும். தாழ்நிலத்தில் நகரம் பரவ வேண்டிய தேவை அப்போது குறையும்.

மூன்று கோரிக்கைகள். ஏரி, கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால் அனைத்தையும் சர்வே எண்ணோடு திட்ட வரைபடத்தில் சேர்த்து, அவற்றின் இருகரையிலும் கட்டடம் கூடாத பகுதியை வரையறுங்கள். வகைப்பாட்டு மாற்றம் கேட்கும் ஒவ்வொரு மனுவையும், அந்த ஏரித் தொடர் முழுவதற்குமான வெள்ள ஆய்வோடு சேர்த்தே பரிசீலியுங்கள். அறிவிப்பை எளிய தமிழில், வரைபடத்தோடு, அந்த இடத்திலேயே பலகையாக வைத்து, வார்டு கூட்டத்தில் மக்களின் கருத்தைக் கேளுங்கள்.

கட்டி முடித்து மக்கள் குடியேறிய வீட்டை இடிப்பது கொடுமை. இடிக்காமல் விட்டால் ஆண்டுதோறும் வெள்ளம். இரண்டையும் தவிர்க்கும் அதிகாரம், திட்டம் கையெழுத்தாகும் வரை உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
தென்சென்னைக் குடிமக்களில் ஒருவர்