ஒரு புள்ளியின் வேறுபாடு

மக்தபில் அலிப், பே ஓதத் தொடங்கும் சிறுவன் முதலில் தடுமாறும் இடம் ஜீமும் ஹாவுமாகும். இரண்டிற்கும் உருவம் ஒன்றே. வயிற்றில் ஒரு புள்ளி இட்டால் ஜீம். அப்புள்ளி இல்லையேல் ஹா. ஒரு புள்ளிதானே என்று அலட்சியம் செய்யும் மாணவனுக்கு உஸ்தாதின் பிரம்பு விடை சொல்லும். அந்த ஒரு புள்ளியில் நன்மையும் தீமையும் பிரிந்து நிற்கும் இடமொன்று திருமறையில் உண்டு. அதைப் பற்றியே இங்கே பேச முற்படுகிறோம்.

காணாமற்போன மகனைத் தேடி வருமாறு யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மக்களைப் பணிக்கிறார்கள். சூரத்து யூசுபின் 87ஆம் வசனத்தில் அதற்கென வந்துள்ள சொல் ‘தஹஸ்ஸுஸ்’ என்பதன் ஏவல். சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்திலோ, ஊகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறு ஏவிய அல்லாஹ், அடுத்த சொல்லிலேயே ‘தஜஸ்ஸுஸ்’ செய்வதைத் தடுக்கிறான். முன்னது இழந்ததைத் தேடுவது. பின்னது பிறர் மறைவைத் துருவுவது. நபிமொழியொன்றில் இவ்விரு சொற்களும் சேர்த்தே தடுக்கப்பட்டிருப்பதை நாம் அறியாமலில்லை. அங்கே முன்னதற்கும் ஒட்டுக்கேட்டல் போன்ற பொருளையே விரிவுரையாளர்கள் கொண்டார்கள். எனினும் பெரும்பாலும் முன்னது நன்மைக்கும் பின்னது தீமைக்கும் வழங்கும் என்பது முபஸ்ஸிர்கள் காட்டிய வேறுபாடு. தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு துருவுகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது. அதனால்தான் இந்தப் புள்ளியை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

2007ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் இரவு, போர்ச்சுக்கல் நாட்டின் தென்கரையில் பிரையா த லூஸ் என்னும் கடற்கரையூரில், விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் மூத்த மகள் மடலின் மக்கான் என்னும் குழந்தை, படுத்திருந்த அறையிலிருந்து காணாமற்போயிற்று. நான்கு வயது நிறைய இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. பெற்றோர் அருகிலிருந்த உணவு விடுதியில் நண்பர்களுடன் இருந்தனர். இரட்டைக் குழந்தைகளான தம்பியும் தங்கையும் அதே அறையில் உறங்கிக்கொண்டிருந்தனர். இரவு பத்து மணியளவில் தாய் வந்து பார்த்தபோது படுக்கை வெறிச்சோடிக் கிடந்தது. அன்று தொடங்கிய தேடல் முடிவு காணாமலேயே ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன.

குழந்தையைக் காணோம், ஆனால் அதைக் கொன்றவர் யார் என்று ‘கண்டுபிடித்து’விட்டவர்களுக்கோ கணக்கில்லை! பிரையா த லூஸ் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களும், போர்ச்சுக்கீசிய மொழியில் ஓரெழுத்துத் தெரியாதவர்களும், தம் வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி இணையத்தின் வழியே தீர்ப்பெழுதினார்கள். அவர்கள் முன்வைத்த முதற்சான்று என்ன தெரியுமா? தாய் போதிய அளவு அழவில்லையாம்! ஒளிப்படக் கருவிகளின் முன்னே அவள் முகம் இறுகியிருந்ததாம்!

அழுகை சான்றாகுமா? சூரத்து யூசுபை ஓதியவர்கள் சற்றே சிந்திக்கட்டும். தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அன்று மாலையில் தந்தையிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் யார்? குற்றம் செய்த அண்ணன்மார்களே! கண்ணீரை அளவுகோலாக்கினால் அவர்களன்றோ நிரபராதிகள்? உள்ளத் துயரை அடக்கி, அழகிய பொறுமையை மேற்கொண்ட தந்தையன்றோ ஐயத்திற்குரியவர் ஆகிவிடுவார்? பின்னர் அதே தந்தையார் அழுதழுது கண்கள் வெளுத்துப்போனபோது, இப்படியே யூசுபை நினைத்து உருகி அழிந்துவிடப் போகிறீர்களா என்று அவர்தம் மக்களே கடிந்துகொண்டதையும் திருமறை மறைக்கவில்லை. அழாவிட்டாலும் குற்றம், அழுதாலும் குற்றம்! துயருற்றவர்களை உலகம் நடத்தும் முறை அன்றும் இன்றும் இதுதான்.

2007 செப்டம்பரில் போர்ச்சுக்கல் காவல்துறை பெற்றோர் இருவரையும் ‘அர்கீது’ என்று அறிவித்தது. அந்நாட்டுச் சட்டப்படி ஐயத்தின் பேரில் விசாரிக்கப்படுகிறவருக்கு அளிக்கப்படும் நிலை அது. மௌனமாயிருக்கவும் வழக்குரைஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை தருவது. ஆனால் ஊர்வாய் அச்சொல்லைக் ‘குற்றவாளி’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டது. 2008 ஜூலையில், சான்று இல்லை என்று கூறி அந்நாட்டு அரசுத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் அந்நிலையை நீக்கியது. அதற்குமுன், அதே ஆண்டு மார்ச்சில், பெற்றோரைப் பழித்தெழுதிய இலண்டன் நாளேடுகள் முதற்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, குழந்தையைத் தேடும் நிதிக்கு 5,50,000 பவுண்டு செலுத்தின. அவ்வூரிலேயே குடியிருந்து, விசாரணைக்கு மொழிபெயர்த்து உதவ முன்வந்த ஒருவரும் ஐயத்திற்கு ஆளானார். அவரை இழிவுபடுத்திய ஏடுகள் அவருக்கு 6,00,000 பவுண்டு கொடுத்தன. ஏடுகளுக்கு முகவரி உண்டு. வழக்குப் போட்டுப் பிடிக்கலாம். பெயரை மறைத்துக்கொண்டு தூற்றிய ஆயிரமாயிரம் பேர் மன்னிப்புக் கேட்டார்களா? ஒரு பைசா கொடுத்தார்களா?

விசாரணையை முதலில் முன்னின்று நடத்திய அதிகாரி, பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டபின், பெற்றோரைச் சாடி ஒரு நூல் எழுதினார். அதன்மீது நடந்த நெடிய வழக்கில், 2017இல் போர்ச்சுக்கல் உச்சநீதிமன்றம் எழுத்துரிமையின் பேரில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. துப்புத் துலக்குவோர் இதைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர். வெளியிட உரிமையுண்டு என்பது வேறு. வெளியிட்டது உண்மை என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்களா குற்றவாளியையும் நிரபராதியையும் பிரித்தறியப் போகிறார்கள்?

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். 2020 ஜூனில் ஜெர்மானிய அதிகாரிகள், வேறு கொடுங்குற்றத்திற்காகச் சிறையிலிருந்த ஒருவரை இவ்வழக்கில் ஐயத்திற்குரியவராக அறிவித்தனர். இவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்படாமலேயே, மற்றக் குற்றத்திற்கான தண்டனை முடிந்து 2025 செப்டம்பரில் அவர் வெளியே வந்தார். அவர் நல்லவர் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கெட்டவன் ஆகையால் இதையும் அவனே செய்திருப்பான் என்பது நீதியாகுமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து உங்களைப் பிறழச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்தைச் சூரத்துல் மாயிதா நமக்குப் போதிக்கவில்லையா?

“மக்கள் உதவியால் எத்தனையோ குற்றங்கள் துலங்கவில்லையா?” என்று கேட்பார்கள். துலங்கியதுண்டு. எப்படித் துலங்கிற்று என்பதே கேள்வி. 2002 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில், எலிசபெத் ஸ்மார்ட் என்னும் 14 வயதுச் சிறுமி தன் படுக்கையறையிலிருந்து கத்திமுனையில் கடத்தப்பட்டாள். அவ்வீட்டில் முன்பு வேலை செய்த ஒருவர்மீது ஐயம் விழுந்தது. முன்னரே சிறை சென்றவர் ஆதலால், அவரேதான் என்று பலரும் நம்பினர். அவர் அவ்வாண்டு ஆகஸ்டில், மூளையில் குருதி கசிந்து, காவலில் இருந்தபோதே மாண்டார். அவர் இதைச் செய்யவில்லை! அதே அறையில் படுத்திருந்த ஒன்பது வயதுத் தங்கை, மாதங்கள் சென்றபின் அக்குரலை நினைவுகூர்ந்தாள். எப்போதோ ஒருநாள் வேலைக்கு வந்துபோன வேறொருவனின் குரல் அது. அவனுடைய உருவம் வரையப்பட்டு ஊராருக்குக் காட்டப்பட்டது. 2003 மார்ச் 12ஆம் நாள் தெருவில் அவனைக் கண்டவர்கள் காவல்துறைக்குச் சொன்னார்கள். சிறுமி உயிருடன் மீண்டாள்.

இங்கே உதவியவர்கள் யார்? கேட்டதைச் சொன்ன தங்கை. கண்டதைச் சொன்ன வழிப்போக்கர். ஊகித்தவர்கள் அல்லர்! ஷரீஅத் ‘ஷஹாதத்’ என்று சொல்வது இதைத்தான். கண்டவன் சாட்சி, காணாதவன் கதை சொல்லி. தஹஸ்ஸுஸுக்கும் தஜஸ்ஸுஸுக்கும் உள்ள புள்ளி இங்கேதான் விழுகிறது.

சான்றை ஆராயும் முறையையும் அதே சூரா கற்பிக்கிறது. அதிலே சட்டைகள் பேசுகின்றன. பொய்க் குருதி தோய்ந்த சட்டையைக் கண்ட யஃகூப் நபி (அலை) அவர்கள், அதைச் சான்றாக ஏற்கவில்லை. எகிப்திலே யூசுப் நபி (அலை) அவர்கள்மீது பழி விழுந்தபோதோ, சாட்சி கூறியவர் முதலில் அளவுகோலை வகுத்தார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய். அதன்பின்னரே சட்டை பார்க்கப்பட்டது. அளவுகோல் முன்னே, தீர்ப்புப் பின்னே! நம் காலத்துத் துப்பறிவோரோ தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற கிழிசலைச் சட்டையில் தேடுகிறார்கள். காணாவிட்டால் தாமே கிழித்தும் விடுகிறார்கள்.

“நாங்கள் கேள்விதானே கேட்கிறோம்!” என்பது அவர்களுடைய கடைசிப் புகலிடம். மதீனாவிலும் அப்படித்தான் தொடங்கிற்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் பின்தங்கி, ஒரு ஸஹாபியின் ஒட்டகத்தில் வந்து சேர்ந்ததைக் கண்டு நயவஞ்சகர் தலைவன் ஒரு சொல்லை எறிந்தான். அவன் எறிந்ததை நல்லவர்கள் சிலரும் எடுத்துக் கைமாற்றினர். ஏறத்தாழ ஒரு மாத காலம் அப்பேச்சு ஊரில் உலவிற்று. அதை அறிந்தபின் அந்த அன்னை அழுதழுது நொந்தார்கள். பின்னர் இறங்கிய சூரத்துந் நூரின் வசனங்கள், இட்டுக்கட்டியவனை மட்டுமா கண்டித்தன? அறியாததை நாவுக்கு நாவு மாற்றி, அதை அற்பமென்று எண்ணியவர்களையும் கண்டித்தன. அல்லாஹ்விடத்தில் அது மகத்தான ஒன்று என்று உணர்த்தின. கேட்ட மாத்திரத்தில் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்றும் வினவின.

நாவு செய்யும் கொலைக்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்னும் வதந்தி கைப்பேசிகளில் பரவிய 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த அன்பே ஐயமாயிற்று. ஊரார் அடித்துக் கொன்றனர். அவர்களும் குழந்தைகளைக் காப்பதாகத்தான் எண்ணினர். பொற்கொல்லன் சொல்லை ஆராயாத அரசனால் மதுரை எரிந்த கதையைப் பாடம் படித்த நாட்டில், மிட்டாய்க்காக ஓர் உயிர் போயிற்று!

வாசக அன்பர்களே! இத்தகைய செய்திகள் நம் இல்லங்களுக்குள்ளும் வருகின்றன. இரவு உணவுக்குப் பின் நம் பிள்ளைகள் அவற்றைப் பொழுதுபோக்காகப் பேசுகிறார்கள். பிறர் வீட்டு இழவு நம் வீட்டுத் திண்ணைக் கதையாகலாமா? ஏதேனும் கண்டிருந்தால் உரியவர்களிடம் சென்று சொல்லுங்கள்; அது கடமை, அதை மறைப்பது பாவம். விசாரணை பழுதுபட்டால் அதிகாரிகளைக் கேளுங்கள், அது உரிமை. இரண்டும் இல்லையேல் மௌனம் காத்து, அந்தத் தாய்க்காக இறைஞ்சுங்கள். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்னும் கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

யஃகூப் நபியின் மகனை அல்லாஹ் மீட்டுக் கொடுத்தான். மடலினின் பெற்றோர் இன்னும் காத்திருக்கிறார்கள். தேடுகிற அவர்கள் கைக்கு வலுவூட்ட நம்மால் முடியாவிட்டாலும், அவர்கள் நெஞ்சில் நம் நாவால் அந்தப் புள்ளியைக் குத்தாதிருப்போமாக. அல்லாஹ் நம் செவியையும் பார்வையையும் நாவையும் காத்தருள்வானாக, ஆமீன்.