செஞ்சிக்கு ஒரு நாள், சியோலுக்கு ஒரு நாள்

"ஒரே நாள்ல என்னத்த பாத்துடுவ?" கைடு வச்சு ஒரு நாள் டூர் போனேன்னு சொன்னா நம்மாளுங்க கேக்கற முதல் கேள்வி இதுதான். கொடியைத் தூக்கிப் புடிச்சிட்டு முன்னாடி ஒருத்தர் நடக்க, பின்னாடி இருபது பேர் ஆட்டு மந்தையாட்டம் போறதைப் பாத்தா நமக்கெல்லாம் ஒரு இளக்காரம். நமக்கு எதுக்குங்க கைடு, கூகுள் மேப் இருக்கு, யூடியூப் இருக்கு. நானும் இந்தக் கட்சியிலதான் இருந்தேன். இப்ப கட்சி மாறிட்டேன், ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆன்சைட்ல ஆணி புடுங்க கொரியா அனுப்பினாங்க. அங்க போயும் சனி ஞாயிறு ரூம்ல சாம்பார் வச்சுட்டு தூங்கறதுதான் நம்ம பசங்க வழக்கம். ஒரு சனிக்கிழமை டீம்ல நாலு பேர் சேந்து, அரண்மனை, பழைய தெரு, சாப்பாட்டு மார்க்கெட் மூணும் ஒரே நாள்ல காட்டற டூர் ஒண்ணுல பேர் குடுத்தோம். கைடா வந்தது ஒரு அம்மா, ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். பொறுமையான இங்கிலீஷ்.

முதல்ல கியோங்போக்குங் அரண்மனை. 1395ல ஜோசான் ராஜ்ஜியத்துக்காரங்க கட்டினது. நான் எதிர்பாத்தது என்னன்னா, "பாருங்க எவ்ளோ பழசு, எவ்ளோ பிரம்மாண்டம்"னு ஆரம்பிப்பாங்கன்னு. அந்த அம்மா வாசல்லயே நிறுத்தி, "நீங்க பாக்கப்போறதுல பெரும்பகுதி பழசு இல்ல"ன்னாங்க. தூக்கிவாரிப் போட்டுது.

அப்புறம் கதை சொன்னாங்க. 1592ல ஜப்பான் படையெடுப்புல எரிஞ்சது. 270 வருஷத்துக்கு மேல இடிபாடாவே கிடந்து, 1867ல திரும்பக் கட்டினாங்க. அப்புறம் ஜப்பான்காரன் நாட்டையே புடிச்சதும் கட்டடத்துல பெரும்பாலானதை இடிச்சு, அரண்மனைக்கு நேர் முன்னாடி தன்னோட கவர்னர் ஆபீஸைக் கட்டினான். 1926ல முடிஞ்ச கட்டடம் அது. குவாங்வாமுன்ங்கிற முன்வாசலையே பேத்து வேற பக்கம் நகர்த்தி வச்சான். 1995ல ஆரம்பிச்சு கொரியாக்காரங்க அந்த ஆபீஸை இடிச்சுத் தள்ளினாங்க. கான்கிரீட்ல நின்ன முன்வாசலை 2010ல மரத்துலயே திரும்பக் கட்டினாங்க. வாசலுக்கு முன்னாடி இருக்கற கல் மேடை 2023ல வந்தது. அதாவது நம்மள விட வயசுல சின்ன மேடை அது. அதுமேல நின்னுதான் எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, கொரிய பாரம்பரிய டிரெஸ் போட்டுக்கிட்டு. (ஹான்போக் போட்டுட்டுப் போனா டிக்கெட் கிடையாது. டிக்கெட் 3000 வோன்தான், டிரெஸ் வாடகை அதைவிட ஜாஸ்தி. கணக்குப் போட்டுப் பாத்துட்டு நாங்க ஜீன்ஸ்லயே போயிட்டோம், ஹி ஹி.)

இது யூடியூப்ல கிடைக்காதான்னு கேப்பீங்க. கிடைக்கும். ஆனா ஒரு காலியான புல்தரையைக் காட்டி "இங்க என்ன இருந்துச்சு தெரியுமா"ன்னு கேக்கறதுக்கு பக்கத்துல ஒரு ஆள் வேணும். தனியாப் போயிருந்தா நான் அந்தப் புல்தரையைத் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டேன்.

அடுத்தது புக்சோன். ஓடு போட்ட பழைய வீடுகள் வரிசையா நிக்கற மேட்டுத் தெரு. இதுவும் ரொம்பப் பழசு இல்ல. இப்ப நாம பாக்கற வீடுகள்ல நிறைய 1920, 30கள்ல ஜியோங் செ-குவான்ங்கிற ஒரு பில்டர் பெரிய மனைகளைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுக் கட்டி வித்தது. ஜப்பான் பாணி வீடுகள் ஊரையே முழுங்கிட்டு இருந்த காலத்துல கொரிய வீட்டைக் கட்டியே தீருவேன்னு நின்ன மனுஷன். அந்தத் தெரு முழுக்க "சத்தம் போடாதீங்க"ன்னு போர்டு. ஏன்னா உள்ள ஆளுங்க குடியிருக்காங்க. காலைல பல் வெளக்க வெளிய வந்தா ஜன்னலுக்கு நேரா செல்ஃபி ஸ்டிக். தாங்க முடியாம நிறைய பேர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். கடைசியா 2024ல, காலை 10ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான் டூரிஸ்ட் வரலாம்னு கொஞ்சம் தெருக்களுக்கு நேரம் குறிச்சுட்டாங்க. 2025 மார்ச்ல இருந்து மீறினா ஒரு லட்சம் வோன் அபராதம். நம்ம காசுல ஆறாயிரம் ரூபா கிட்ட வரும். அந்தம்மா நாலரைக்கெல்லாம் எங்களை அங்கருந்து கிளப்பிட்டாங்க.

மார்க்கெட் பத்தி ரொம்ப சொல்லல. குவாங்ஜாங் மார்க்கெட், 1905ல இருந்து இருக்கு. பச்சைப்பயறை ஊறவச்சு, கல் எந்திரத்துல அரைச்சு, எண்ணெய்ல முறுகலா ஒரு அடை போடறாங்க, பிந்தேத்தோக்னு பேரு. வெங்காயச் சட்னி இருந்தா நம்ம வீட்டு அடைதான். சில கடைல பன்றிக்கறி சேப்பாங்க, சைவம்னா கேட்டுட்டு சாப்பிடுங்க. 2023 கடைசியில இதே மார்க்கெட்ல டூரிஸ்ட் கிட்ட அநியாய விலை வாங்கறாங்கன்னு வீடியோ வந்து ஊரே நாறி, அளவை எழுதிப் போடணும்ங்கற அளவுக்குப் போச்சு. அதையும் அந்தம்மாவேதான் சொன்னாங்க. தன் ஊர் அசிங்கத்தையும் சேத்துச் சொல்ற கைடை நான் நம்புவேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊருக்கு ஒரு கொரியாக்காரன் வந்தான்னு வைங்க. கொரியாக்காரன்கூட வேணாம், மதுரையில இருந்தோ கோயமுத்தூர்ல இருந்தோ ஒருத்தர் வர்றார். களமருதூர்ல எங்க வீட்டுல தங்கியிருக்கார். ஒரு நாள்தான் டைம். எங்க கூட்டிட்டுப் போறது?

எனக்குப் பதில் செஞ்சி. 2019 வரைக்கும் செஞ்சியும் நாங்களும் ஒரே விழுப்புரம் மாவட்டம், அப்புறம்தான் எங்களை கள்ளக்குறிச்சின்னு தனியாப் பிரிச்சாங்க. எங்க ஆயாவுக்கு இன்னும் தேசிங்கு ராஜா சொந்தக்காரர் மாதிரிதான். கூத்துல பாத்துப் பாத்து, 1714ல செத்தவருக்கு இன்னிக்கும் கண்ணு கலங்குவாங்க.

2025 ஜூலையில செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டோம். எந்தப் பேர்ல வந்துச்சுன்னு எத்தனை பேர் கவனிச்சோம்? "இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்". மொத்தம் 12 கோட்டை. 11 மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு இங்க.

பட்டியல்ல வந்ததுல எனக்கு சந்தோஷம்தான், அதைக் குறை சொல்லல. மராட்டியர் இங்க சும்மாவும் இல்ல. 1677ல சிவாஜி பிஜப்பூர்காரங்ககிட்ட இருந்து கோட்டையைப் புடிச்சார், மதிலைப் பலப்படுத்தினாங்க. அவர் மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி இங்க வந்து உக்காந்து, வருஷக்கணக்கா முற்றுகையைத் தாங்கினார். 1698ல கோட்டை விழுந்துச்சு. சரித்திரத்துல பெரிய விஷயம், மறுக்கல. ஆனா கூட்டிக் கழிச்சுப் பாருங்க, 21 வருஷம். கோட்டைக்கு வயசு 800 வருஷம்ங்கறாங்க. மிச்ச வருஷத்தை யார் சொல்வா?

என் பயம் இதுதான். பட்டியல் வந்தாச்சு, இனி பஸ் வரும், பேக்கேஜ் வரும், வெளியூர் கம்பெனி ஒண்ணு கைடுங்களைக் கூட்டிட்டு வரும். அவங்க கையில ஒரு பக்க ஸ்கிரிப்ட் இருக்கும், அதுல சிவாஜி கோட்டைன்னு இருக்கும். பத்து வருஷம் அதையே சொன்னா நம்ம புள்ளைங்களும் அதையே பரீட்சையில எழுதும். இடத்தை விட இடத்தைப் பத்தி சொல்ற வாய்க்குப் பவர் ஜாஸ்திங்க. சியோல்ல அதைத்தான் கண்ணால பாத்தேன்.

அதனால செஞ்சி ஒரு நாள் டூர் எப்படி இருக்கணும்னு நானே ஒரு டிசைன் போட்டு வச்சிருக்கேன் (டேமேஜர் கேட்ட டிசைன் டாக்குமெண்ட் இன்னும் முடியல, அது வேற கதை).

வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போகணும். அன்னிக்குத்தான் செஞ்சி வாரச் சந்தை. ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத் சமயத்துல கோடிக்கணக்குல வியாபாரம்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. விடியறதுக்கு முன்னாடியே களை கட்டிடும். குவாங்ஜாங் மார்க்கெட்டுக்கு இது ஒண்ணும் இளைச்சதில்ல. அங்க நின்னுக்கிட்டே கைடு முதல் கதையை ஆரம்பிக்கலாம். ஏன்னா இந்தக் கோட்டையை 1200 வாக்குல முதல்ல எழுப்பினது ஆனந்தக் கோன்ங்கிற ஆடு மேய்க்கிற குலத்துத் தலைவர்னுதான் வழிவழியாச் சொல்றாங்க. அந்த வம்சத்துல கிருஷ்ணக் கோன் பேர்லதான் கிருஷ்ணகிரி மலைன்னும் சொல்வாங்க. கோனார்கள் எழுப்பின கோட்டை, அடிவார ஊர்ல இன்னிக்கும் ஆட்டுச் சந்தை. இதை விட ஒரு ஆரம்பம் வேணுமா?

அப்புறம் வெயில் ஏறறதுக்குள்ள ராஜகிரி. தரையில இருந்து கிட்டத்தட்ட 800 அடி. மேல போறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல பாறை பிளந்து பள்ளம் விழும், அது மேல பாலம் போட்டிருக்கும். அந்தக் காலத்துல அது மரப்பாலம். எதிரி வந்தா எடுத்துடலாம், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் ராஜ்ஜியம் முழுசும் பத்திரம். நம்ம ஜனங்க அந்தப் பாலத்துல என்ன பண்றோம்? மூச்சு வாங்கிட்டு செல்ஃபி எடுக்கறோம். கீழ இறங்கி பிரியாணி சாப்பிட்டு, "செம்ம ஹைட் மச்சி"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறோம். கல்யாண மகாலைப் பாக்காமயே போறவங்க உண்டு. நாயக்கர் காலத்து வெங்கட்ரமணர் கோயில், தானியக் களஞ்சியம், தேசிங்கு செத்தப்புறம் நவாப் சாதத்துல்லா கான் பேர்ல வந்த பள்ளிவாசல், எல்லாம் கீழயே இருக்கு. கோன், நாயக்கர், பிஜப்பூர், மராட்டியர், மொகலாயர், புந்தேலா ராஜபுத்திரரான தேசிங்கு, நவாப், 1750ல பிரெஞ்சுக்காரன், 1761ல இங்கிலீஷ்காரன். ஒரே காம்பவுண்டுக்குள்ள இவ்ளோ பேர் வாடகைக்கு இருந்த வீடு வேற எங்கயாச்சும் இருக்கா?

சாயங்காலம் பாண்டிச்சேரி. நம்மாளுங்க எதுக்குப் பாண்டி போவாங்கன்னு தெரியும், அதுக்கு இல்ல. கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி உயரமா கல்தூண்கள் நிக்குதே, அதெல்லாம் செஞ்சியில இருந்து பிரெஞ்சுக்காரன் கொண்டு போனது. குவாங்வாமுன் வாசலைப் பேத்து நகர்த்தினதை சியோல்ல அந்தம்மா சொன்னப்ப எனக்கு டக்குனு இந்தத் தூண்கள்தான் ஞாபகம் வந்துச்சு. அவங்க வாசலைத் திரும்பக் கட்டிட்டாங்க. நம்ம தூணைத் திருப்பிக் கொண்டு வரணும்னு நான் சொல்லல, காந்தி பாவம், அவர் பாட்டுக்கு நிக்கட்டும். "இது செஞ்சித் தூணு"ன்னு பக்கத்துல நின்னு சொல்ல ஒரு ஆள் இருந்தாப் போதும்.

அந்த ஆள் யாருன்னா, செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்துப் பையனோ பொண்ணோதான். வரலாறு எம்.ஏ. படிச்சிட்டு வேற ஏதோ வேலைக்குப் போறவங்க நம்ம பக்கம் எத்தனை பேர்! தேசிங்கு கூத்து கட்டின கலைஞர் ஒருத்தரை மதிய நேரத்துல அரை மணி நேரம் பாட வைக்கலாம். தலைக்கு 400 ரூபான்னு வச்சா பத்து பேருக்கு 4000. கைடுக்கும் கூத்துக்காரருக்கும் போக வேன் வாடகைக்குப் பத்தாதுதான், வேன் காசைத் தனியாப் பிரிச்சுக்கலாம். வாரத்துக்கு ரெண்டு டிரிப் நடந்தா ஒரு ஆளுக்குக் கௌரவமான சம்பளம் தேறும். முதல்ல தமிழ்ல நடக்கணும். இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டாவது பேட்ச் போட்டுக்கலாம்.

ஏன் பத்து பேர், இருபது கூடாதான்னு ஒரு ஃபிரெண்ட் கேட்டான். ஆட்டுச் சந்தைக்கு வர்றவன் ஆடு விக்க வர்றான், நமக்கு வேடிக்கை காட்ட இல்ல. துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சு விலை பேசற வியாபாரிங்க சந்தைகள்ல இன்னும் இருக்காங்க. அந்தத் துண்டுக்கு மேல இருபது செல்போன் நீட்டினா, அடுத்த வாரம் அடிச்சுத் துரத்துவாங்க. துரத்தணும்.

இதே காரணத்துக்காகத்தான் "கல்வராயன் மலைக்கும் இப்படி ஒரு டூர் போடலாமே"ன்னு கேக்கறவங்களுக்கு நான் வேணாம்ங்கறேன். மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலைன்னு ஞாயித்துக்கிழமையானா வண்டி வண்டியா ஏறிட்டுத்தான் இருக்காங்க. கோட்டையில யாரும் குடியிருக்கல, மலையில ஆளுங்க குடியிருக்காங்க. மலையாளி சனங்க சாமை விதைக்கிறதையும், வீட்டு முன்னாடி புளி உலர்த்துறதையும் "ட்ரைபல் எக்ஸ்பீரியன்ஸ்"னு பேர் போட்டு விக்கறதுக்கு, நாம யாரு? புக்சோன்காரங்க வீட்டைக் காலி பண்ணின அப்புறம்தான் நேரம் குறிச்சாங்க. கல்வராயன்ல அந்தந்த ஊர்க்காரங்களே உக்காந்து, எந்தத் தெருவுக்குள்ள வரலாம், எத்தனை மணிக்குத் திரும்பணும்னு முதல்ல முடிவு பண்ணட்டும். வேணாம்னு சொன்னா வேணாம்தான். அருவியோட நிறுத்திக்குவோம்.

அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கேன். சித்தப்பா பசங்க மூணு பேர், ஆபீஸ்ல ரெண்டு பேர் வர்றோம்னாங்க. இன்னும் அஞ்சு பேருக்கு இடம் இருக்கு. கைடு இப்போதைக்கு நான்தான், பொறுத்துக்கணும். காலைல நாலரைக்கு உளுந்தூர்பேட்டையில வண்டி எடுத்தாத்தான் சந்தையைப் புடிக்க முடியும். தொப்பியும் ரெண்டு லிட்டர் தண்ணியும் கொண்டு வந்துடுங்க. ராஜகிரி மேல குரங்கு ஜாஸ்தி, தின்பண்டப் பையைக் கையில தூக்கிட்டு வர வேணாம்.